கவுன்டர் சும்மா இருந்த மூன்று நிமிடம்

ஒரே ஒரு கவுன்டர். சராசரியாக 5 நிமிடத்துக்கு ஒருவர் வருகிறார். ஒருவரின் வேலையை முடித்து அனுப்பச் சராசரியாக 4 நிமிடம் ஆகிறது. ஒருவர் எவ்வளவு நேரம் காத்திருப்பார்?

ஆளுக்கு ஒரு நிமிடம் மிச்சம், ஆகவே காத்திருக்கவே வேண்டாம் என்றுதான் மனக்கணக்கு சொல்லும். அது எங்கே தவறுகிறது என்று பார்ப்போம். காலை 9 மணிக்கு முதல் ஆள் வருகிறார். அவர் வேலைக்கு 7 நிமிடம். 9:02க்கு வரும் இரண்டாமவர் 9:07 வரை நிற்கிறார். அவருக்கு 3 நிமிடம். 9:04க்கு வரும் மூன்றாமவருக்கு 9:10க்குத்தான் முறை வருகிறது. அவருக்கு 2 நிமிடம். 9:12க்குக் கவுன்டர் காலி. நான்காமவர் வருவதோ 9:15க்கு.

வருகைகளுக்கு நடுவே 2, 2, 11 நிமிடம். சராசரி 5. வேலைக்கு 7, 3, 2 நிமிடம். சராசரி 4. கணக்கு பிசகவில்லை. ஆனாலும் ஒருவர் 5 நிமிடமும் இன்னொருவர் 6 நிமிடமும் நின்றிருக்கிறார்கள். கடைசியில் கவுன்டர் 3 நிமிடம் சும்மா இருந்தது. அந்த 3 நிமிடத்தை எடுத்துவைத்து, 9:04க்கு வந்தவருக்குக் கொடுக்க வழியில்லை. சராசரி மறைத்துவிடுவது இதைத்தான்.

இப்போது நீங்கள் செய்து பார்த்ததற்குப் பெயர்தான் சிமுலேஷன். தமிழில் பாவனையாக்கம் என்பார்கள். நிஜக் கவுன்டரைத் தொடாமல், அதன் விதிகளை மட்டும் காகிதத்தில் நடத்திப் பார்த்தோம். கம்ப்யூட்டரும் இதையே செய்கிறது, ஆனால் லட்சக்கணக்கான ஆட்களுக்கு. அதன் கடிகாரம் நொடி நொடியாக நகர வேண்டியதில்லை. ஒருவர் வந்தார், ஒருவர் முடித்துப் போனார் என்று நிகழ்வுக்கு நிகழ்வு தாவிச் செல்லும்.

தாயம் போடும் கம்ப்யூட்டர்

அடுத்த ஆள் எப்போது வருவார் என்று கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? தெரியாது. அது தாயக்கட்டையை உருட்டுவதுபோல ஓர் எண்ணை எடுக்கிறது. ஆனால் எந்த எண் எவ்வளவு அடிக்கடி விழ வேண்டும் என்பதை நாம் சொல்லிவிடுகிறோம். குறுகிய இடைவெளிகள் அடிக்கடியும் நீண்டவை எப்போதாவதும் வரும் ஒரு பாங்கைப் புள்ளியியலில் எக்ஸ்பொனென்ஷியல் பரவல் என்பார்கள். தாங்களாக வந்து சேரும் கூட்டத்துக்கு அது பெரும்பாலும் பொருந்தும்.

கம்ப்யூட்டரின் தாயக்கட்டை உண்மையில் ஒரு சூத்திரம். தொடக்கத்தில் ஓர் எண்ணைக் கொடுத்தால் அதிலிருந்து ஒழுங்கே தெரியாத எண் வரிசை ஒன்று பிறக்கும். அதே தொடக்க எண்ணைக் கொடுத்தால் அதே வரிசை மறுபடியும் வரும். இது குறைபோலத் தோன்றும். ஆனால் நிரல் எழுதுகிறவர்களுக்கு இது வசதி. விசித்திரமான முடிவு வந்தால் அதே ஓட்டத்தைத் திரும்ப நடத்திப் பிழையைத் தேடலாம்.

நம் கவுன்டரில் வருகை, வேலை இரண்டுக்கும் அந்தப் பரவலைக் கொடுத்து நீண்ட நேரம் ஓட்டினால் கிடைக்கும் சராசரிக் காத்திருப்பு 16 நிமிடம். முதல் ஆள் எப்போதும் காலிக் கவுன்டருக்கு வருவதால், ஆரம்பக் கட்டத்து எண்களை ஒதுக்கிவிட்டுத்தான் இதை எடுக்க வேண்டும். இந்த 16 நிமிடமும் ஒரு சராசரிதான். ஐந்தில் ஒருவர் நிற்கவே வேண்டியதில்லை. நூற்றில் ஏறத்தாழ 18 பேர் அரை மணிக்கு மேல் நிற்பார்கள். நிச்சயமின்மையை சிமுலேஷன் ஒழிப்பதில்லை. அது எப்படிப் பரவிக் கிடக்கிறது என்று காட்டுகிறது.

சீட்டு விளையாடிய கணித மேதை

இந்த முறையின் கதை ஒரு சீட்டுக்கட்டில் தொடங்குகிறது. 1946இல் அமெரிக்காவில் நோயிலிருந்து தேறிவந்த கணிதவியலாளர் ஸ்டானிஸ்லாவ் உலாம், பொழுதுபோகாமல் தனியாக சாலிட்டேர் ஆடிக்கொண்டிருந்தார். 52 சீட்டையும் அடுக்கினால் ஓர் ஆட்டம் வெற்றியில் முடிய என்ன வாய்ப்பு? சூத்திரம் போட்டுப் பார்த்து அலுத்தார். அதைவிட நூறு ஆட்டம் ஆடி, எத்தனை வென்றது என்று எண்ணிவிடலாமே என்று தோன்றியது.

அணுக்கருவில் நியூட்ரான்கள் மோதிச் சிதறுவதற்கும் இதே வழி பொருந்தும் என்று அவருக்குப் பட்டது. நண்பர் ஜான் வான் நாய்மனிடம் சொன்னார். 1948இல் எனியாக் என்ற ஆரம்பகாலக் கம்ப்யூட்டரில் அந்தக் கணக்கு ஓடியது. சூதாட மான்டே கார்லோவுக்குப் போயே ஆக வேண்டும் என்று உறவினரிடம் கடன் வாங்கும் மாமா ஒருவர் உலாமுக்கு இருந்தார். அதை வைத்து உலாமின் சக விஞ்ஞானி நிக்கோலஸ் மெட்ரோபோலிஸ் சூட்டிய பெயர்தான் மான்டே கார்லோ முறை.

உலாமின் சீட்டாட்டம் போலன்றி, நம் ஒற்றைக் கவுன்டருக்கு எளிய சூத்திரம் இருக்கிறது. 16 நிமிடத்தை ஒரு வரியில் கண்டுபிடித்துவிடலாம். கவுன்டர் மூன்றாகி, மதியம் ஒருவர் சாப்பிடப் போய், வரிசை நீண்டால் சிலர் திரும்பிப் போய்விடுவார்கள் என்றால் அந்தச் சூத்திரம் உதவாது. அங்கேதான் சிமுலேஷன் வேண்டும். சூத்திரம் உள்ள எளிய நிலையில் முதலில் ஓட்டி, விடை ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டுச் சிக்கலானதற்குப் போவது நல்ல பழக்கம்.

எத்தனை தடவை, எவ்வளவு நம்பலாம்?

ஒரு தடவை ஓட்டினால் கிடைப்பது ஒரு நாளின் கதை மட்டுமே. பல தடவை ஓட்ட வேண்டும். ஆனால் துல்லியம் மலிவாகக் கிடைக்காது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஓட்டங்களை நான்கு மடங்காக்கினால்தான் தற்செயலால் வரும் பிழை பாதியாகும். பத்தில் ஒரு பங்காக்க நூறு மடங்கு ஓட்ட வேண்டும்.

அப்படிக் குறைவது தாயக்கட்டையால் வரும் பிழை மட்டும்தான். நாம் கொடுத்த எண்ணே தவறு என்றால் கோடி தடவை ஓட்டினாலும் அது குறையாது. வருகை இடைவெளியை 5 நிமிடம் என்று எழுதியிருக்கிறோம். நிஜத்தில் அது நாலரை நிமிடம் என்று வையுங்கள். காத்திருப்பு 16 நிமிடத்திலிருந்து 32 நிமிடமாகிவிடும். அரை நிமிடம் பிசகியதற்கு விடை இரட்டிப்பாகிறது.

ஆகவே சிமுலேஷன் செய்ய நினைப்பவர் கம்ப்யூட்டர் முன் உட்காருவதற்கு முன்னால், கையில் கடிகாரத்தோடு சில நாள் அந்தக் கவுன்டர் பக்கத்தில் போய் நிற்க வேண்டும்.