பதினாறாம் நாளுக்கு முன்பே

மும்பை, தில்லி, கொல்கத்தா போன்ற மாநகரங்களில் வாழும் நம் குடும்பங்களில் ஓர் உயிர் பிரிந்தால், உடலை ஊருக்கு எடுத்துச் செல்வதும், பதினாறாம் நாள் காரியம் வரை அங்கேயே தங்குவதும் பலரிடம் வழக்கம். அன்பின் பாற்பட்ட அவ்வழக்கத்தை நாம் குறை கூறவில்லை. ஆனால் இறப்பைப் பதிவு செய்யச் சட்டம் தந்துள்ள காலம் 21 நாள். காரியம் முடித்துத் திரும்பும்போது எஞ்சுவன நான்கைந்து நாட்களே. துயர வேளையில் தாளும் எழுத்துமா என்று அன்பர்கள் வினவலாம். பின்னாளில் விதவைத் தாயும் பிள்ளைகளும் அலுவலகம் அலுவலகமாக அலையலாகாது என்ற கவலையே எம்மை எழுதத் தூண்டுகிறது.

முதலாவது, பதிவு. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, இறப்பு எங்கு நிகழ்ந்ததோ அங்கேதான் பதிவாகும். தகனம் திருநெல்வேலியில் நடந்தாலும், உயிர் பிரிந்தது மும்பையில் எனில் பதிவும் மும்பையிலேயே. மருத்துவமனையில் இறந்தால் தகவல் தரும் கடமை மருத்துவமனையினுடையது. வீட்டில் இறந்தால் குடும்பத் தலைவருடையது. வீட்டில் இறந்தவர்க்குக் கடைசியாகச் சிகிச்சை அளித்த மருத்துவரிடம், இறப்பின் காரணத்தைக் குறிக்கும் சான்றினை உடல் புறப்படுமுன்பே பெறுதல் நலம். 21 நாள் கடந்தால், 30 நாள் வரை தாமதக் கட்டணம் செலுத்திப் பதியலாம். அதன்பின் ஓராண்டு வரை மேலதிகாரியின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். ஓராண்டும் கடந்தால் மாஜிஸ்திரேட்டின் ஆணை வேண்டும்.

இரண்டாவது, பெயர். நம்மவரில் பெரும்பாலோர்க்குத் தலைப்பெழுத்து உண்டு; குடும்பப் பெயர் இல்லை. வெளிமாநிலப் படிவமோ குடும்பப் பெயரைக் கேட்கும். அவ்விடத்தில் ஒருவர் தந்தை பெயரையும் மற்றொருவர் ஊர்ப் பெயரையும் சொல்லிவிட்டால், சான்றிதழில் ஒரு பெயரும் வங்கிப் புத்தகத்தில் வேறொரு பெயருமாக நிற்கும். பின்னர் இருவரும் ஒருவரே என்று மெய்ப்பிக்க வேண்டிய தொல்லை குடும்பத்தின் மேல் விழும். ஆதலின் ஆதார் அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் அருகில் வைத்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்ட பின்னரே கையொப்பமிடுக. சான்றிதழில் பல பிரதிகள் பெற்றுக்கொள்க.

மூன்றாவது, வரவேண்டிய பணம். வங்கிப் புத்தகத்தில் ஆண்டுக்கு ஒருமுறை 436 ரூபாய் கழிந்துள்ளதா என்று பாருங்கள். கழிந்திருந்தால் அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடாக இருக்கலாம். எக்காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம் ரூபாய் தரும் திட்டம் அது. 20 ரூபாய் கழிந்திருந்தால், விபத்து மரணத்துக்கு 2 லட்சம் தரும் சுரட்சா காப்பீடாகும். கேளாதவர்க்கு இவை வந்து சேர்வதில்லை. பணியில் இருக்கும்போதே இறந்தவர் வருங்கால வைப்பு நிதியில் சேர்ந்திருந்தால், சேமிப்புத் தொகை, குடும்ப ஓய்வூதியம், 7 லட்சம் வரையிலான காப்பீடு என மூன்று உரிமைகள் உண்டு. சேமிப்பை மட்டும் பெற்று மற்ற இரண்டையும் மறந்துவிடலாகாது.

நான்காவது, ஓர் எச்சரிக்கை. இறந்தவரின் ஏ.டி.எம். அட்டையால் பணம் எடுப்பது முறையன்று. பிறகு உடன்பிறந்தாரிடையே வழக்காகவும் முடியும். நாமினியாகக் குறிக்கப்பட்டவர் வங்கியிலிருந்து பணத்தைப் பெற்றுக்கொள்ளும் உரிமை உடையவரேயன்றி, அதனாலேயே அப்பணத்துக்கு உடைமையாளர் ஆகிவிடார் என்று உச்சநீதிமன்றம் 2010ஆம் ஆண்டில் தீர்ப்பளித்துள்ளது. வாரிசுகளுக்குரிய பங்கு அவர்களைச் சேர்ந்தே தீரும். வாரிசுச் சான்று பெறும் முறை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். தமிழ்நாட்டில் அதனை வழங்குபவர் வட்டாட்சியர்.

இத்தனையையும் துயருற்றவர் தலையில் சுமத்துதல் தகாது. உறவினர் அனைவரும் ஊருக்குப் புறப்படும்போது, விவரமறிந்த ஒருவர் நகரிலேயே தங்கிப் பதிவு வேலையைக் கவனிக்கட்டும். அதற்கு உறவினர் இல்லையெனில், அடுத்த வீட்டுத் தமிழர் முன்வரட்டும். பாடைக்குத் தோள் கொடுப்பது போலவே இதுவும் ஒரு கடன் என்பது நம் கருத்து.