மேலே வணிகர், கீழே ஏழைகள்

இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள யார்க் நகரத்துக்குச் செல்லுகிறவர்கள் அதன் பேராலயத்தைக் கண்டு, பழைய மதிற்சுவரின்மேல் சற்று நடந்துவிட்டுத் திரும்பிவிடுவது வழக்கம். ஃபாஸ்கேட் என்னும் தெருவில் ஒரு சிறிய வாயில் உண்டு. அதன்மேல் வணிகர் சங்கத்தின் சின்னம் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதனுள் நுழைந்து கீழிறங்கிச் சென்றால் மெர்ச்சன்ட் அட்வென்ச்சரர்ஸ் ஹால் என்னும் வணிகர் மண்டபத்தை அடையலாம். அருங்காட்சியகமாக இன்று எவரும் சென்று காணக்கூடிய இவ்விடத்தைக் கண்டபின், நான் பேராலயத்தைக் காட்டிலும் இதைப்பற்றியே அதிகமாய்ச் சிந்தித்தேன்.

1357-ஆம் ஆண்டு தொடங்கி ஏறக்குறைய நான்கு ஆண்டுகளில் கட்டப்பட்ட மண்டபம் இது. கீழ்த்தளத்தின் சுவர்கள் கல்லாலும் செங்கல்லாலும் ஆனவை. மேல்தளம் முழுவதும் ஓக் மரத்தாலான சட்டங்களால் அமைந்தது. மண்டபத்தின் நடுவே நீளவாக்கில் ஒரு வரிசை மரத்தூண்கள் நின்று, இரட்டைக் கூரையைத் தாங்குகின்றன. அறுநூற்றைம்பது ஆண்டுகளைக் கடந்த அம்மரம் சில இடங்களில் வளைந்திருக்கிறது. தரையும் சமமாக இல்லை. ஆயினும் உறுதியாகவே நிற்கிறது.

அட்வென்ச்சரர் என்னும் சொல்லைக் கேட்டவுடன் சாகசக்காரர் என்று எண்ணிவிடலாகாது. தம் சொந்தப் பணத்தைக் கடல்கடந்த வாணிபத்தில் துணிந்து முதலீடு செய்தவர்கள் என்பதே பொருள். ஆட்டுரோமமும் துணியும் இங்கிருந்து புறப்பட்டு, ஊஸ் நதி வழியாகவும் ஹம்பர் முகத்துவாரம் வழியாகவும் ஐரோப்பியக் கரைகளுக்குச் சென்றன. கப்பல் மூழ்கினால் முதலும் மூழ்கிப்போம்.

ஆனால் இம்மண்டபத்தைக் கட்டியபோது அவர்கள் வணிகர் சங்கமாக இருக்கவில்லை. ஆண்களும் பெண்களும் சேர்ந்த ஒரு பக்திச் சங்கமாகவே தொடங்கினர். அதில் துணி வணிகர் பெருகினர். 1430-இல் ஆறாம் ஹென்றி மன்னரின் சாசனம் அவர்களை வணிகர் சங்கமாக அங்கீகரித்தது. 1581-இல் முதலாம் எலிசபெத் அரசியின் சாசனம் இன்றைய பெயரை அளித்தது. 1470-களில் மேரியன் கென்ட் என்னும் விதவை இச்சங்கத்தின் ஆலோசனைக் குழுவில் இடம்பெற்றிருந்தார் என்பது நம் சகோதரிகள் கவனிக்கத்தக்க செய்தி.

கட்டடத்தின் அமைப்பே என்னை மிகவும் சிந்திக்க வைத்தது. மேல்தளத்தில் வணிகர் கூடிக் கணக்குப் பார்த்தனர், விருந்துண்டனர். அதே கூரையின் கீழ், அவர்களுடைய பாதங்களுக்கு நேர் கீழே, ஏழைகளும் முதியோரும் தங்கியிருந்தனர். ஹாஸ்பிடல் என்று அதை அழைத்தனர். அக்காலத்தில் அச்சொல் அறுவைச் சிகிச்சை நடக்கும் இடத்தைக் குறிக்கவில்லை. திக்கற்றோரைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இல்லத்தைக் குறித்தது. அத்தளத்தை ஒட்டி ஒரு சிற்றாலயம். 1411-இல் அது புதுப்பித்துக் கட்டப்பட்டது. இவ்வாறு வாணிபம், தருமம், ஜெபம் ஆகிய மூன்றும் ஒரே வளாகத்தில் இருந்தன.

ஏழைகள் தங்களுக்கு உபகாரம் செய்தவர்களின் ஆத்துமாக்களுக்காக ஜெபிக்க வேண்டும் என்பது அக்கால ஏற்பாடு. மரித்தோருக்காக ஜெபித்து அவர்களை ஈடேற்றலாம் என்னும் போதகத்தை வேதம் ஆதரிக்கவில்லை என்பதே நம் நிலைப்பாடு. சீர்திருத்தக் காலத்தில், 1547-இல் இயற்றப்பட்ட சட்டம் அத்தகைய ஜெபத்துக்கான மானியங்களை ஒழித்தது. ஆனால் கவனியுங்கள்: ஜெபத்துக்கான மானியம் போனபின்னும் ஏழைகள் வெளியேற்றப்படவில்லை. அந்த இல்லம் 1900-ஆம் ஆண்டுவரை நடைபெற்றது. கைம்மாறு எதிர்பார்த்துத் தொடங்கிய தருமம், கைம்மாறு நின்றபின்னும் முந்நூற்றைம்பது ஆண்டுகள் தொடர்ந்ததை நான் எளிதில் ஒதுக்கிவிட மாட்டேன்.

இவ்வணிகரைப் பற்றிய இன்னொரு செய்தி 1971-இல் வெளிச்சத்துக்கு வந்தது. மத்திய காலத்தில் யார்க் நகரத் தொழிற்சங்கங்கள் ஆண்டுதோறும் ஒரு திருநாளில் சிருஷ்டிப்பு தொடங்கி நியாயத்தீர்ப்பு வரையிலான வேத வரலாற்றைச் சக்கர வண்டிகளின்மேல் நாடகங்களாக நடித்து, தெருத்தெருவாகக் கொண்டுசென்றன. கடைசி நாடகமாகிய நியாயத்தீர்ப்பு இவ்வணிகரின் பொறுப்பு. 1433-இல் அவர்கள் எழுதிய நாடகப் பொருள்களின் பட்டியலை இரண்டு பெண் ஆய்வாளர்கள் கண்டெடுத்தனர். நான்கு சக்கர வண்டி, நரகத்தின் வாய், பிசாசுகளுக்கான ஆடைகளும் முகமூடிகளும், சிவப்பு மேகங்கள், நீல மேகங்கள், பரலோகத்தில் சிறு தூதர்கள் ஓடுவதற்கு ஒரு நீண்ட மெல்லிய கயிறு, தேவன் அமர்ந்து மேலேறுவதற்கு நான்கு மூலைகளிலும் கயிறு கட்டிய இரும்பு இருக்கை! கணக்கு எழுதப் பழகிய கைகள் பரலோகத்தையும் சரக்குப் பட்டியலாகவே எழுதியிருக்கின்றன. புன்னகை வந்தது.

ஆனால் அந்நாடகத்தின் மையம் புன்னகைக்குரியதன்று. மத்தேயு 25-ஆம் அதிகாரத்தின்படி, பசித்தவனுக்கு ஆகாரம் கொடுத்தாயா, வியாதியஸ்தனை விசாரித்தாயா என்பதே அங்கே கேட்கப்படும் கேள்வி. நகரத்தின் செல்வந்தர் இக்கேள்வியைத் தங்கள் செலவிலேயே ஆண்டுதோறும் தெருவில் உரக்கக் கேட்கச் செய்தனர். பின்பு வீடு திரும்பி மண்டபத்தின் படியேறியபோது, விடைக்குரியவர்கள் கீழ்த்தளத்தில் படுத்திருந்தனர். எல்லாரும் உண்மை உள்ளத்தோடு செய்தார்கள் என்று நான் சொல்லேன். இலாபமும் பெருமையும் அங்கே நிச்சயம் கலந்திருந்தன. எனினும் ஏழையைக் கண்ணுக்கு மறைத்து வாழும் வசதி அவர்களுக்கு இல்லை. பெருநகரங்களில் குடியேறியிருக்கும் நமக்கோ அவ்வசதி உண்டு. மின்தூக்கியில் ஏறிவிட்டால், படிக்கட்டின் அடியில் உறங்கும் காவலாளியின் பெயரும் நமக்குத் தெரியாமற் போகிறது.

1835-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் இயற்றிய நகராட்சிச் சட்டம் இத்தகைய சங்கங்களின் தனி வாணிப உரிமையை நீக்கியது. சங்கம் இன்னும் இருக்கிறது. மண்டபமும் அதன் உடைமையே. திருமண விருந்துகளுக்கும் வாடகைக்கு விடுகின்றனர்.

கீழ்த்தளத்தில் ஒரு குறிப்பைத் தவறவிடாதிருங்கள். மண்டபத்தின் பின்புறம் ஃபாஸ் ஆறு ஓடுகிறது. வெள்ளம் எந்த உயரம் வரை ஏறியது என்பதற்கான அடையாளங்கள் அங்கே குறிக்கப்பட்டுள்ளன. 1982-ஆம் ஆண்டின் பெருவெள்ளத்துக்குப்பின் 1987-இல் ஆற்றுக்குத் தடுப்புக் கதவு அமைத்தார்கள். அதற்கு முந்திய நூற்றாண்டுகளில் ஆறு பெருகி உள்ளே வந்தபோதெல்லாம், அது முதலில் வந்து சேர்ந்தது கீழே கிடந்தவர்களின் படுக்கைக்கே.