தொகுதியைக் கேட்டவர் யார்?

ஒரு கட்சியின் பெயரால் வாக்குப் பெற்று, சட்டசபையில் அமர்ந்தபின் வேறொரு கட்சியின் வாசலை நாடும் அங்கத்தினர்களை நம் நாடு பலமுறை கண்டிருக்கிறது. அச்சமயங்களில் கட்சிகள் ஒன்றையொன்று தூற்றிக்கொள்ளும்; வாக்களித்த ஜனங்களைப்பற்றிப் பேசுவார் ஒருவருமிலர். சென்னை ஆயிரம் விளக்குத் தொகுதியின் அங்கத்தினராயிருந்த காலஞ்சென்ற கு. க. செல்வத்தின் சரித்திரம் இதற்குத் தக்க உதாரணமாகும்.

முதலில் அ.தி.மு.க.வில் இருந்து, பின்னர் தி.மு.க.வுக்கு வந்தவர் செல்வம். 2016-இல் பா. வளர்மதியைத் தோற்கடித்துச் சட்டசபை புகுந்தார். அக்கட்சித் தலைவர் ஸ்டாலினே நான்கு முறை வென்ற தொகுதி அது. 2020 ஜூனில் ஜெ. அன்பழகன் காலமானதும், அவர் வகித்த ஜில்லாச் செயலாளர் பதவி வேறொருவருக்குப் போயிற்று. இதனால் செல்வம் மனம் கசந்தார் என்று பத்திரிகைகள் எழுதின. ஆகஸ்டு 4-ஆம் தேதி டில்லி சென்று, பாரதீய ஜனதா தலைவர் நட்டாவைச் சந்தித்தார். நுங்கம்பாக்கம் ரெயில் நிலையத்துக்கு மின்தூக்கி கேட்கவே வந்ததாகவும், அக்கட்சியில் சேரவில்லையென்றும் சொன்னார். மறுநாளே தி.மு.க. அவரைத் தற்காலிகமாக நீக்கியது. 13-ஆம் தேதி அடியோடு நீக்கிவிட்டது.

கட்சி போயிற்று, ஸ்தானம் போகவில்லை. 1985-இல் இயற்றப்பட்ட கட்சித்தாவல் தடைச் சட்டப்படி, கட்சியைத் தானாகத் துறப்பவரும், கொறடா உத்தரவை மீறுபவருமே பதவி இழப்பர். கட்சியே விலக்கிவிட்டால் அதனால் மட்டும் ஸ்தானம் போகாது. விலக்கப்பட்டவரும் பழைய கட்சியினராகவே கருதப்படுவார், புதுக் கட்சியில் சேர்ந்தாலோ பதவி இழப்பார் என்று 1996-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. ஆனால் செல்வம் முறைப்படி பாரதீய ஜனதாவில் சேர்ந்தது 2021 மார்ச்சில். அப்போது பொதுத் தேர்தலே அறிவிக்கப்பட்டுவிட்டது; சட்டத்துக்கு வேலையில்லாமற் போயிற்று. 2006-இல் மயிலாப்பூரில் வென்ற எஸ். வி. சேகரையும் 2009-இல் அ.தி.மு.க. நீக்கியது, அவரும் 2011 வரை அங்கத்தினராகவே நீடித்தார்.

செல்வத்தின் தொகுதியில் 2021-இல் பாரதீய ஜனதா நிறுத்தியது குஷ்புவை, அவரும் தி.மு.க., காங்கிரஸ் இரண்டையும் கடந்து வந்தவரே. வென்றது தி.மு.க.வின் எழிலன். 2022 நவம்பரில் செல்வம் தாய்க் கட்சிக்குத் திரும்பினார். 2024 ஜனவரியில் காலமானார். மறைந்தவரைக் குறைகூறுதல் நம் நோக்கமன்று. அவர் டில்லிக்குப் போனபோதும் திரும்பி வந்தபோதும் தொகுதியைக் கேட்டவர் யார் என்பதே நம் கேள்வி.

சபாநாயகர் நியாயம் வழங்குவாரென்றால், அவரும் ஒரு கட்சியின் மனிதரே. 2017 பிப்ரவரியில் மயிலாப்பூர் அங்கத்தினர் நட்ராஜ் உள்ளிட்ட பதினொருவர் தம் கட்சி மந்திரிசபைக்கு எதிராக வாக்களித்தனர். அவர்கள் பதவி பறிபோகவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில், முதன்மந்திரிமீது நம்பிக்கையில்லையெனக் கவர்னரிடம் கடிதம் கொடுத்த பதினெண்மரோ பதவி இழந்தனர். சபாநாயகர் ஒருவரே, நீதி இரண்டு.

மனச்சாட்சி மாறுவது குற்றமா என்று கேட்பாருளர். குற்றமன்று. கட்சித் தலைமை தவறினால் எதிர்த்து நிற்பது வீரமே. ஆனால் மனச்சாட்சிக்கு ஒரு விலையுண்டு. 1948-இல் காங்கிரஸைவிட்டு விலகிய ஆசாரிய நரேந்திர தேவர், தம் சகாக்களுடன் ஐக்கிய மாகாணச் சட்டசபை ஸ்தானங்களையும் ராஜினாமாச் செய்தார். காங்கிரஸ் பெயரால் பெற்ற ஸ்தானம் தமக்குரியதன்று என்பதே அவர் கொள்கை. ஜனங்கள் முன் மீண்டும் நின்றார், தோற்றார். தோல்வியால் அவர் பெருமை குன்றவில்லை.

அந்த வழி இன்றும் அடைபடவில்லை. கட்சி மாற விரும்புவோர் முதலில் ராஜினாமாக் கடிதம் எழுதட்டும். பிறகு டில்லிக்கோ தேனாம்பேட்டைக்கோ போகட்டும். நீக்கப்பட்டவரும் வாக்காளரிடமே திரும்பி வரட்டும். தகுதி நீக்க வழக்குகளைச் சபாநாயகர் கையிலிருந்து எடுத்து, நடுநிலையான ஒரு நீதிமன்றத்திடம் ஒப்புவிக்கவேண்டும். இவற்றைக் கட்சிகள் தாமாகச் செய்யா. அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வாசற்படி ஏறுபவரிடம், "கட்சி மாறினால் ஸ்தானத்தை எங்களிடம் திருப்பித் தருவீரா?" என்று ஒவ்வொரு வாக்காளரும் கேட்கவேண்டும். பதில் சொல்லத் தயங்குபவருக்கு வாக்கு இல்லை என்பது நம் விரதமாகட்டும்.