வெயிலுக்கும் மழைக்கும் நிற்கும் பெயர்ப்பலகை

கோயில் திருவிழா, பள்ளி விளையாட்டுப் போட்டி, கூட்டுப்பணி என்று எது வந்தாலும் துணியில் ஒரு பதாகை எழுதிக் கட்டுவது நம் தோட்டங்களில் பழைய வழக்கம். அந்தப் பதாகை இரண்டு மழைக்குள் வெளுத்துக் கிழிந்து போவதும் வழக்கமாகவே இருக்கிறது. பேராவின் வெயிலையும் மழையையும் தாங்கும் பொருளை அதிகக் காசு செலவழிக்காமல் எங்கே தேடலாம் என்று இன்று பார்ப்போம்.

திருவிழாப் பதாகை கிழிந்தால் மனம்தான் வருந்தும். சாலை முனையில் நிற்கும் பெயர்ப்பலகை அப்படியல்ல. கித்தா மரங்கள் போய்ச் செம்பனை வந்த இடங்களில், எந்தச் சந்தைப் பார்த்தாலும் ஒன்று போலவே இருக்கிறது. நள்ளிரவில் 999-ஐ அழைக்கும் குடும்பம் வழி சொல்லத் தடுமாறினால், ஆம்புலன்ஸ் வண்டி சந்தைத் தாண்டிப் போய்விடும். ஆகவே முதல் செலவைப் பலகைக்கே செய்யுங்கள் என்பேன்.

பலகைக்குப் பழைய கூரைத் தகரம் நல்லது. புதுத் தகரம் இன்னும் நல்லதல்லவா என்று கேட்பீர்கள். இல்லை. புதிய துத்தநாகப் பூச்சின் மேல் எண்ணெய்ச் சாயம் ஒட்டாமல் செதில் செதிலாக உரியும். பல ஆண்டுகள் வெயிலில் கிடந்து மங்கிய தகரத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, தகரத்துக்கென்று விற்கும் அடிச்சாயத்தை முதலில் பூசுங்கள். வெள்ளைத் தரையில் கறுப்பு எழுத்து நெடுநாள் நிற்கும். சிவப்பு பார்வைக்கு எடுப்பாக இருந்தாலும், மலிவான சிவப்புச் சாயம்தான் வெயிலில் முதலில் வெளுக்கும். கால்களுக்குக் கித்தாக் கட்டை வேண்டாம். மருந்தேற்றாத கித்தாக் கட்டையை வண்டும் பூஞ்சையும் விரைவில் தின்றுவிடும். பழைய இரும்புக் குழாய் கிடைத்தால் நல்லது.

இனிப் பதாகை. உரச்சாக்கு, அரிசிச்சாக்கு எல்லாம் சும்மா கிடைக்கிறதே என்று தோன்றும். இக்காலச் சாக்குகளில் பெரும்பாலானவை பிளாஸ்டிக் இழையால் நெய்தவை. அவற்றில் சாயம் பிடிக்காது. சில மாத வெயிலில் இழை பொடியாக உதிரும். அதைவிட, விழா முடிந்த பிறகு கழற்றிப் போடும் அச்சடித்த பிளாஸ்டிக் பதாகைகளை உரியவரிடம் கேட்டு வாங்குங்கள். உள்ளே வலுவான நூல் வலை இருப்பதால் எளிதில் கிழியாது. பின்பக்கம் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். அதைக் கழுவிக் காயவைத்து, வீட்டுச் சுவருக்குப் பூசும் தண்ணீர்ச் சாயத்தால் எழுதலாம். எண்ணெய்ச் சாயம் அதன் மேல் ஒழுங்காகக் காயாமல் பிசுபிசுத்துப் போகக்கூடும். துணிதான் வேண்டும் என்பவர்கள் புதுக் காடாத் துணியை ஒருமுறை அலசிக் கஞ்சியை நீக்கிவிட்டு எழுதுங்கள்.

துணியின் மேல் பாலைத் தடவினால் மழை நுழையாதே என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த யோசனையில் அர்த்தம் இருக்கிறது. சார்லஸ் மெக்கின்டோஷ் என்பவர் 1823-இல் இரண்டு துணிகளுக்கு நடுவே ரப்பரைப் பூசி மழைத்துணி செய்தார். ஆனால் வெறும் ரப்பர் வெப்பத்தில் ஒட்டும், குளிரில் விறைக்கும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கும் முறைக்குச் சார்லஸ் குட்இயர் 1844-இல் காப்புரிமை பெற்ற பிறகே அந்தக் குறை நீங்கியது. கோலகங்சாரில் 1877-இல் நட்ட கன்றுகளிலிருந்து நம் மாநிலத்துக் கித்தா வரலாறு தொடங்கினாலும், பதாகையின் மேல் பாலைத் தடவாதீர்கள். அது மஞ்சளாகிப் பிசுபிசுத்துத் தூசியைத்தான் பிடிக்கும்.

கித்தா உதவும் இடம் வேறு. பதாகை பெரும்பாலும் கயிறு கட்டும் துளையில்தான் கிழியத் தொடங்குகிறது. மேல் ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் மடித்துத் தைத்து, உள்ளே மூங்கிலைச் செருகுங்கள். மூங்கிலின் நுனிகளைப் பழைய சைக்கிள் டியூப் துண்டால் கம்பத்தோடு கட்டினால், காற்று இழுக்கும்போது டியூப் நீண்டு கொடுக்கும்; துணி தப்பிக்கும்.

எழுதும் முன் கரித்துண்டால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். நூறு அடி தூரத்திலிருந்து தெரிய வேண்டிய எழுத்து ஆறு அங்குல உயரமாவது இருக்கட்டும். நம் எழுத்தில் சுழிகள் அதிகம், சிறிதாக எழுதினால் 'ன'வும் 'ண'வும் ஒன்றாகிவிடும். ல, ள, ழ சரிதானா என்று பள்ளிப் பிள்ளைகளிடம் ஒருமுறை காட்டிவிட்டுச் சாயத்தைத் தொடுங்கள். சந்து முனைப் பலகையில் தோட்டத்தின் பெயரை மலாய் எழுத்திலும் எழுத வேண்டும். ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்குத் தமிழ் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது.