காலியாகக் கிடக்கும் இரண்டாவது ஸ்லொட்

கல்முனையிலோ சாய்ந்தமருதிலோ லெப்டொப் வாங்கப் போகிறவர் முதலில் விசாரிப்பது ‘ஐ5 தானா, ஐ7 இல்லையா’ என்று. ரேம் பற்றிய பேச்சு ‘எட்டு ஜிபி இருக்குதா’ என்பதோடு முடிந்துவிடும். அந்த எட்டும் ஒரே துண்டா, நான்கும் நான்குமாக இரண்டா என்று யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. 2022 மார்ச்சின் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்ட பிறகு புதுக் கணினி என்பது பல வீடுகளுக்கு எட்டாத பொருளாகிவிட்டது. இருப்பதை ஓட்டிக்கொள்ள வேண்டியவர், புரொசசரைக் குறை சொல்லுமுன் ரேம் எவ்வளவு, எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்று பார்ப்பதுதான் நியாயம். கணினியின் மந்தத்தில் பெரும்பகுதி, புரொசசர் வேலை செய்யும் நேரமல்ல; தரவுக்காகக் காத்திருக்கும் நேரம்.

மருதமுனைத் தறியைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: நெய்பவரின் கை எவ்வளவு வேகமானாலும், நூல் சுற்றிக் கொடுப்பவர் தாமதித்தால் தறி நின்றுவிடும். புரொசசர் கேட்டதை ரேம் சுமார் 100 நனோசெக்கனில் கொடுத்துவிடும். ரேம் நிரம்பிவிட்டால் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கில் தள்ளி வைக்கிறது. பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து அதைத் திரும்ப எடுக்கச் சுமார் 10 மில்லிசெக்கன், அதாவது ஒரு இலட்சம் மடங்கு. ‘எஸ்எஸ்டி போட்டாச்சே, பிறகென்ன’ என்பார்கள். அதுவும் ரேமைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு பின்தங்கியது. அவதியைக் குறைக்குமே தவிர ரேமின் இடத்தை நிரப்பாது. ஆகவே நான்கு ஜிபியோடு திணறும் இயந்திரத்துக்கு முதல் மருந்து அளவைக் கூட்டுவதே. அதிலும் ஒரு கண்ணி உண்டு: சாதாரண 32 பிட் விண்டோஸ் நான்கு ஜிபிக்கு மேல் பயன்படுத்தாது. அதை மாற்றாமல் ரேம் வாங்குவது வீண் செலவு.

அளவு போதுமானபின் வருவது பாதை. டிடிஆர்4-3200 ரேம் ஒன்று, 64 பிட் அகலமுள்ள ஒரே பாதையில் செக்கனுக்கு 25.6 ஜிபி வரை அனுப்பும். இரண்டு துண்டுகள் தனித்தனிப் பாதையில் இருந்தால் அது 51.2 ஆகிறது. காசும் மொத்த அளவும் ஏறக்குறைய அதேதான். வழி மட்டும் இரட்டிப்பு. இதற்கு வலுவான மறுப்பும் இருக்கிறது: கடிதம் தட்டச்சு செய்கிறவருக்கு, கணக்கு எழுதுகிறவருக்கு வித்தியாசமே தெரியாது. உண்மைதான். அத்தகைய வேலைக்கு அடிக்கடி தேவைப்படும் தரவு பெரும்பாலும் புரொசசருக்குள் உள்ள கேஷிலேயே அடங்கிவிடும். ஆனால் குறைந்த விலை லெப்டொப் பலவற்றில் தனிக் கிராபிக்ஸ் கார்ட் கிடையாது. திரையில் தோன்றும் ஒவ்வொரு படத்துக்கும் அதே ரேம், அதே பாதைதான். கலியாண வீடியோ எடிட் செய்யும் ஸ்டூடியோவிலும் பிள்ளைகள் விளையாடும் கேமிலும் இரண்டாம் பாதையின் பலன் கண்ணுக்கே தெரியும்.

‘இரண்டு ஸ்லொட்டையும் நிரப்பினால் பிறகு எங்கே கூட்டுவது’ என்று கடைக்காரர் கேட்பதிலும் பொருள் உண்டு. இப்போது எட்டு ஒன்று, பிறகு இன்னொரு எட்டு என்று போவது நல்ல திட்டம். அந்தப் ‘பிறகு’ வராமலே போவதுதான் வழக்கம். எட்டோடு கையிலிருக்கும் நான்கைச் சேர்த்தாலும் மோசமில்லை: பல இயந்திரங்களில் நான்கும் நான்கும் இரட்டைப் பாதையில் ஓட, மீதி நான்கு ஒற்றையில் போகும். வேகம் குறைந்த துண்டின் வேகத்துக்கே இரண்டும் இறங்கும், அவ்வளவே. மேசைக் கணினியில் நான்கு ஸ்லொட் இருந்தால், இரண்டு துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் சொருகிவிடக் கூடாது. பெரும்பாலான போர்ட்களில் புரொசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும். தவறினால் இரண்டும் ஒரே பாதையில் நெருக்கியடிக்கும். 3200 என்று எழுதிய ரேம், பயாஸில் எக்ஸ்எம்பி என்ற வேக அமைப்பை இயக்காததால் 2133லோ 2666லோ ஓடிக்கொண்டிருப்பதும் உண்டு.

இதையெல்லாம் அறிய மூடியைக் கழற்ற வேண்டியதில்லை. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரின் பெர்போமன்ஸ் பக்கத்தில் மெமரியைத் திறந்தால் வேகமும், எத்தனை ஸ்லொட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்பதும் தெரியும். இரண்டில் ஒன்று என்று காட்டினால் வழியிருக்கிறது. மெல்லிய லெப்டொப் பலவற்றில் ரேம் போர்டோடு ஈயம் வைத்து ஒட்டப்பட்டிருக்கும், ஸ்லொட்டே இராது. அவற்றில் எட்டா பதினாறா என்பதை வாங்கும்போதே தீர்மானித்துவிட வேண்டும்.