ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்கும் மாணவர்களின் கல்வி அடைவு

வீட்டில் வேறு மொழி பேசி, பள்ளியில் ஆங்கிலத்தின் வழியாகக் கணிதம், அறிவியல், வரலாறு முதலிய பாடங்களைப் படிக்கும் மாணவர்கள் அப்பாடங்களில் பெறும் தேர்ச்சியே இங்குக் கல்வி அடைவு எனப்படுகிறது. இம்மாணவர்கள் மொழியையும், அம்மொழியில் சொல்லப்படும் பாடத்தையும் ஒரே நேரத்தில் கற்க வேண்டியுள்ளது.

இச்சிக்கல் ஐக்கிய அமெரிக்காவில் நீதிமன்றம் வரை சென்றது. சான் பிரான்சிஸ்கோ நகரப் பள்ளிகளில் ஆங்கிலம் அறியாத சீன வம்சாவளி மாணவர்கள் ஏறத்தாழ 1,800 பேர் எந்தத் துணைப் பயிற்சியும் இன்றி ஆங்கில வகுப்புகளில் அமர்த்தப்பட்டிருந்தனர். 'லாவ் எதிர் நிக்கல்ஸ்' எனப்படும் அவ்வழக்கில் 1974 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எல்லாருக்கும் ஒரே பாடநூலையும் ஒரே ஆசிரியரையும் தருவது மட்டும் சமவாய்ப்பு ஆகாது என்பது அதன் சாரம். ஆயினும் எந்தக் கற்பித்தல் முறையைக் கையாள வேண்டும் என்று நீதிமன்றம் வரையறுக்கவில்லை.

முறையைத் தேர்வதில் பெரிதும் உதவுவது கனடாவைச் சேர்ந்த கல்வியியலாளர் ஜிம் கம்மின்ஸ் 1979 இல் முன்வைத்த வேறுபாடு. அன்றாட உரையாடல் திறன் சுமார் இரண்டு ஆண்டுகளில் கைகூடும். பாடநூலைப் படித்துப் புரிந்து எழுதும் கல்விசார் மொழித்திறனில் உடன் பயிலும் மாணவர்களை எட்ட ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் தேவைப்படலாம். விளையாட்டுத் திடலில் சரளமாகப் பேசும் மாணவர் கணிதத் தேர்வில் பின்தங்குவது இதனால்தான். 'டேபிள்' என்றால் மேசை என அறிந்தவர், வினாத்தாளில் அதே சொல் அட்டவணையைக் குறிக்கும்போது தடுமாறுவார். கணக்கில் வரும் 'ப்ராடக்ட்' கடைச் சரக்கு அன்று, பெருக்கற்பலன். பேச்சை மட்டும் கேட்டு, இவருக்கு மொழி வந்துவிட்டது என்று முடிவுசெய்து துணைப் பயிற்சியை நிறுத்துவதே பள்ளிகள் செய்யும் பெருந்தவறு எனலாம்.

ஆகவே பாட ஆசிரியரும் மொழி கற்பிக்க வேண்டியவராகிறார். பாடத்தின் முக்கியச் சொற்களை முன்கூட்டியே அறிமுகப்படுத்துதல், படங்களையும் செய்முறைகளையும் பயன்படுத்துதல், விடையின் தொடக்க வாக்கியத்தைத் தந்து மீதியை மாணவரையே எழுதச் செய்தல் ஆகியவை பயன்தருகின்றன. தாய்மொழியைத் தடைசெய்வது உதவாது. ஒளிச்சேர்க்கையைத் தன் மொழியில் புரிந்துகொண்ட மாணவர் ஆங்கிலத்தில் அதற்கான சொற்களை மட்டும் கற்றால் போதும். கருத்தை மீண்டும் கற்க வேண்டியதில்லை. கலிபோர்னியா 1998 இல் 227ஆம் முன்மொழிவின் மூலம் இருமொழிக் கல்வியைப் பெரிதும் கட்டுப்படுத்தியது. 2016 இல் வாக்காளர்களே 58ஆம் முன்மொழிவை ஏற்று அக்கட்டுப்பாட்டை நீக்கினர்.

மதிப்பீட்டிலும் கவனம் தேவை. அறிவியல் விடைத்தாளில் இலக்கணப் பிழைக்காக மதிப்பெண் குறைத்தால், அந்த மதிப்பெண் மாணவரின் அறிவியல் அறிவைக் காட்டாது.