ஆறுவழிச் சாலையிலிருந்து ஒரு பால்வீதி

லடாக்கின் ஹான்லே வானியல் ஆய்வகத்தில் பொறியாளராக இருக்கும் தோர்ஜே ஆங்சுக், 2025 தொடக்கத்தில் ஒரு டைம்லாப்ஸ் காணொளியை வெளியிட்டார். அதில் விண்மீன்கள் நின்ற இடத்தில் நிற்கின்றன. மலையும் தரையும்தான் சுழல்கின்றன. பூமி சுழல்வதற்கு எதிர்த்திசையில், அதே வேகத்தில் கேமராவைத் திருப்பும் கருவி செய்த வேலை அது. சாதாரண முக்காலியில் கேமராவைப் பொருத்தினால் விண்மீன்கள் நகர்வதுபோல் தெரியும். இரண்டிலும் பதிவாவது பூமியின் சுழற்சிதான்: மணிக்கு 15 பாகை.

ஹான்லே 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் குளிர்ப் பாலைவனம். இரவு வானத்தின் இருட்டைக் காப்பதற்கென்றே 2022-இல் அறிவிக்கப்பட்ட பகுதி. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கும் நம் குந்தாரப்பள்ளிக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஊரை ஒட்டியே தேசிய நெடுஞ்சாலை; தென்கிழக்கில் கிருஷ்ணகிரி; வடமேற்கில் சூளகிரி, ஓசூர், அவற்றுக்கும் அப்பால் பெங்களூரு. ஆனாலும் இங்கிருந்தே டைம்லாப்ஸ் எடுக்கத் தொடங்கலாம். விலை உயர்ந்த கேமராவைவிட, எந்தத் திசையில், எத்தனை மணிக்கு எடுக்கிறோம் என்பதே முக்கியம்.

நகர வெளிச்சம் தூரத்தோடு சேர்ந்து எப்படிக் குறைகிறது என்பதை அமெரிக்க வானியலாளர் மெர்ல் வாக்கர் 1970-களில் அளந்தார். தூரம் இரண்டு மடங்கானால் வானில் பரவும் வெளிச்சம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகிவிடும். ஆனால் மக்கள்தொகை கூடக்கூட வெளிச்சமும் கூடும். அதனால்தான் 70 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் பெங்களூருவும் வடமேற்கு அடிவானில் வெளிறிய ஒளிக்கூம்பாக எழுகிறது. அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நின்று, தெற்கே பார்க்க வேண்டும்.

தெற்கில்தான் நமக்குப் பெரிய சொத்து இருக்கிறது. வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கும் காவலூரும் குந்தாரப்பள்ளியும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில், 12.5 பாகையில் அமைந்தவை. பால்வீதியின் மையப்பகுதி இங்கு அடிவானிலிருந்து 48 பாகை வரை ஏறுகிறது. லண்டனில் அது 10 பாகையைக்கூடத் தொடுவதில்லை. பங்குனி, சித்திரை அமாவாசையை ஒட்டிய இரவுகளில் அது நள்ளிரவு வாக்கிலோ அதற்கு முன்போ தென்கிழக்கே உதிக்கும். அப்போது கிருஷ்ணகிரி வெளிச்சத்தில் மங்கித்தான் இருக்கும். அதிகாலை 3 மணிக்கு மேல் நன்றாக உயர்ந்து தெற்கே வந்துவிடும். வேலையைத் தொடங்க அதுவே தோதான நேரம். ஆனி, ஆடியில் இதே காட்சி முன்னிரவிலேயே கிடைக்கும். ஆனால் தென்மேற்குப் பருவ மேகம் பெரும்பாலும் விடாது. வியாழன் இரவு வேண்டாம்: மறுநாள் ஆட்டுச் சந்தை என்பதால் வண்டிகளின் முகப்பு விளக்குகள் விடிவதற்கு முன்பே வரத் தொடங்கிவிடும்.

கணக்கு எளிது. 500-ஐ லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால், விண்மீன் கோடாக இழுபடாமல் ஷட்டரை எத்தனை வினாடி திறந்து வைக்கலாம் என்பது தெரிந்துவிடும். கேமராவோடு வரும் 18 மி.மீ. லென்ஸில், சிறிய சென்சாருக்காக 1.5-ஆல் பெருக்கினால் 27. விடை ஏறக்குறைய 18 வினாடி. 15 வினாடி வைத்தால் பாதுகாப்பு. அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, ஐஎஸ்ஓ 1600-இல் தொடங்கலாம். வானம் வெளுத்து விழுந்தால் ஐஎஸ்ஓவைக் குறைக்க வேண்டும்.

ஃபோகஸைக் கையால்தான் வைக்க வேண்டும். திரையில் சுவாதியையோ கேட்டையையோ பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும்வரை வளையத்தைத் திருப்ப வேண்டும். ஒயிட் பேலன்ஸை ஓர் எண்ணில் நிறுத்திவிட வேண்டும். தானியங்கியில் விட்டால் படத்துக்குப் படம் நிறம் மாறி காணொளி மினுங்கும். நீண்ட எக்ஸ்போஷருக்கான நாய்ஸ் ரிடக்‌ஷனையும் அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் கேமரா அதே அளவு நேரம் எடுத்துக்கொள்ளும், நகர்வு விட்டுவிட்டுத் தெரியும்.

அடுத்தது இடைவெளி. பல கேமராக்களில் அது ஒரு படம் தொடங்கியதிலிருந்து அடுத்த படம் தொடங்கும்வரை உள்ள நேரம். எனவே 15 வினாடிப் படத்துக்கு 17 வினாடி என்று வைக்க வேண்டும். வினாடிக்கு 24 படங்கள் என்றால், 10 வினாடிக் காணொளிக்கு 240 படங்கள் வேண்டும். எடுக்க ஆகும் நேரம் 68 நிமிடம். அதற்குள் பூமி 17 பாகை திரும்பியிருக்கும். மார்கழி, தையில் முயன்றால் பனி லென்ஸில் படியும்; பவர்பேங்கில் இயங்கும் சூடேற்றும் பட்டையை லென்ஸைச் சுற்றிக் கட்டினால் போதும்.

முதல் காணொளியை எடுத்த இடத்தையும் திசையையும் அமைப்புகளையும் எழுதி வைப்பது நல்லது. தொழிற்சாலைகள் பெருகிவரும் இந்த மாநில எல்லைப் பகுதியில், ஆண்டுதோறும் அதே அமைப்பில் எடுத்த காணொளிகளை வரிசையாக ஓட்டினால், எந்தத் திசையில் வெளிச்சம் கூடியது என்பது கண்கூடாகத் தெரியும். மேல்நோக்கிச் சிதறும் விளக்குகளுக்கு மூடி போடுங்கள் என்று ஊராட்சியிடம் கேட்பதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.